காலைச் சர்க்கரை எப்போதும் 110: கர்ப்பிணிக்கு மரபணுப் பரிசோதனை தேவையா?

வாசகி கேள்வி: எனக்கு வயது 29, ஊர் திருச்சி. உயரம் 158 செ.மீ., கர்ப்பத்துக்கு முன் எடை 52 கிலோ. நான்கு வருடம் முன்பு முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது, ஆறாம் மாதத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்துப் பார்த்ததில் 152 வந்தது. இன்சுலின் ஆரம்பித்தார்கள். ஒரு நாளைக்கு 46 யூனிட் வரை ஏற்றியும் காலை வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே அபூர்வமாகத்தான் இறங்கும். 75, 80 என்று வந்துவிட்டால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். குழந்தை 38 வாரத்தில் 2.3 கிலோவில் பிறந்தது. பிறகு ஊசியை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அன்று முதல் இன்று வரை வெறும் வயிற்றில் 108 முதல் 118-க்குள்தான் நிற்கிறது. போன வருடம் எடுத்ததில் வெறும் வயிற்றில் 112; 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 138. இப்போது இரண்டாவது, 16 வாரம். காலையில் 110, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.0, ஹீமோகுளோபின் 9.4. அம்மாவுக்கு 34 வயதிலேயே சுகர் என்றார்கள். இப்போது 56 வயது, இரண்டு மாத்திரை போடுகிறார், ஹெச்பிஏ1சி எப்போதும் 6.8 பக்கம். கண், கிட்னி நன்றாக இருக்கின்றன. அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கும் ‘லேசாக சுகர்’. என் டாக்டர் ‘இது மோடி வகையாக இருக்கலாம், மரபணுப் பரிசோதனை எடுங்கள்’ என்கிறார். ஊசியும் தொடங்கச் சொல்கிறார். வீட்டுப் பெரியவர்களோ, தங்கைக்குத் தாய்மாமன் மகனைப் பேசி முடிக்கிற நேரத்தில் ‘பரம்பரை வியாதி’ என்று காகிதத்தில் வரக் கூடாது என்கிறார்கள். நான் என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள சகோதரி,

பரிசோதனையை எடுத்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். பெரும்பாலானவர்களுக்கு அது வீண் செலவு. உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அவ்வளவு நுணுக்கமாக எழுதியதற்கு நன்றி. அந்த எண்களே பாதி விடை.

‘மோடி’ என்பது இளம் வயதிலேயே வரும், ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட பிழையால் தலைமுறை தலைமுறையாக இறங்கும் நீரிழிவு. சாதாரண இரண்டாம் வகை நீரிழிவும் குடும்பத்தில் வரும்தான். ஆனால் அதில் பல மரபணுக்களின் சிறு சிறு பங்கும், எடையும், வாழ்க்கை முறையும் சேர்ந்து வேலை செய்கின்றன. மோடியில் ஒரு பிழை போதும். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆண், பெண் பேதம் இல்லை.

மோடியிலேயே பல ரகங்கள். உங்கள் எண்கள் கைகாட்டுவது ஜிசிகே என்ற மரபணுவை. குளுக்கோகைனேஸ் என்னும் நொதியைச் செய்யச் சொல்லும் மரபணு அது. கணையத்தின் பீட்டா செல்கள் இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று அளப்பதே இந்த நொதியை வைத்துத்தான். தராசு முள் கொஞ்சம் தள்ளி நின்றால் எப்படியோ அப்படி: தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என்று வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால், 90-ஐப் பார்த்து எழ வேண்டிய செல்கள் 110-ஐப் பார்த்துத்தான் எழுகின்றன. எழுந்த பிறகு வேலை ஒழுங்காகவே நடக்கிறது. அதனால்தான் வெறும் வயிற்று அளவு பிறந்த நாள் முதல் சற்று உயரத்திலேயே நிற்கும். சாப்பிட்ட பிறகு பெரிதாகத் துள்ளாது. வருடங்கள் போனாலும் அதிகம் ஏறாது.

இதை எண்களில் சொன்னால்: வெறும் வயிற்றில் ஏறக்குறைய 99 முதல் 144 மி.கி. வரை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்தில் ஏற்றம் பெரும்பாலோருக்கு 54 மி.கி.க்கும் குறைவு, 83-ஐத் தாண்டுவது அரிது. ஹெச்பிஏ1சி 40 வயதுக்குள் 5.6 முதல் 7.3, அதற்கு மேல் 5.9 முதல் 7.6. உங்களுக்கு 112-லிருந்து 138, ஏற்றம் வெறும் 26. அம்மாவின் 6.8 இருபது வருடமாக நகரவில்லை. சாதாரண இரண்டாம் வகையில் 34 வயதில் தொடங்கிய சர்க்கரை 56 வயதில் அதே இரண்டு மாத்திரையில் நிற்பது அபூர்வம். முதல் கர்ப்பத்தில் இன்சுலினை ஏற்றியும் காலை அளவு இறங்க மறுத்தது, 75-இலேயே நடுக்கம் வந்தது, இரண்டும் இதே கதையைச் சொல்கின்றன. கொஞ்சம் இன்சுலின் வெளியிலிருந்து போனால் உங்கள் கணையம் தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. நிறையப் போட்டு இறக்கினால், உடல் அதைச் சர்க்கரை தாழ்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு சர்க்கரையை ஏற்றும் எதிர் ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஊசி போட்டும் கேட்கவில்லையே, சாப்பாட்டில் ஏமாற்றினேனோ என்று இத்தனை வருடம் உங்களையே நொந்துகொண்டிருந்தால், அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

முதல் கர்ப்பத்தில் இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை? நம் ஊரில் பரவலாகச் செய்யப்படும் சோதனை ஒற்றைப் படிச் சோதனை. டிபன் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை என்று, 300 மி.லி. தண்ணீரில் 75 கிராம் குளுக்கோஸைக் கலந்து ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. தொலைவிலிருந்து பஸ் ஏறி வரும் கர்ப்பிணியைப் பட்டினி போடாமல் ஒரே நாளில் முடிகிற நல்ல முறை அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதில் வெறும் வயிற்று அளவு கிடையாது. ஜிசிகே பிழை உள்ளவருக்கு உயரமாக இருப்பதே வெறும் வயிற்று அளவுதான். இரண்டு மணி நேர அளவு 140-க்குள் அடங்கி, ‘சுகர் இல்லை’ என்று எழுதி அனுப்பப்படுகிறவர்களும் இவர்களில் உண்டு. உங்களுக்கு 152 வந்ததால் பிடிபட்டீர்கள். ஆனால் எந்த வகை என்பது அந்த அட்டையில் தெரிய வழியே இல்லை.

சரி, வகை தெரிந்து என்ன ஆகப் போகிறது, எப்படியும் சர்க்கரை சர்க்கரைதானே என்று வீட்டில் கேட்பார்கள். கர்ப்பத்தில்தான் வகை தெரிவது மிகவும் முக்கியமாகிறது. சிசுவின் எடையைத் தீர்மானிப்பது தாயின் சர்க்கரை மட்டுமில்லை, சிசு அந்தச் சர்க்கரைக்கு எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதும்தான். தாயின் பிழையைச் சிசு வாங்கிக்கொள்ளவில்லை என்று வையுங்கள். அதன் தராசு சரியாக இருக்கிறது, நஞ்சுக்கொடி வழியே வரும் 110-ஐ அதிகம் என்று உணர்ந்து இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கிறது, வளர்ச்சி மிஞ்சுகிறது. இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லியின் குழு 1998-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கூடுதல் எடை சராசரியாக 600 கிராம் அளவுக்கு இருந்தது. சிசுவும் பிழையை வாங்கிக்கொண்டிருந்தால், அதன் முள்ளும் தாயின் முள்ளைப் போலவே தள்ளி நிற்கிறது. 110 அதற்குச் சகஜம். எடை இயல்பாக இருக்கும். இந்தக் குழந்தையின் தாய்க்கு இன்சுலினைக் கொட்டிச் சர்க்கரையை 85-க்கு இறக்கினால், சிசுவின் கண்ணில் அது பட்டினி. சுரப்பு குறைந்து, வளர்ச்சி குன்ற இடமாகிறது. தந்தை வழியாக மட்டும் இந்தப் பிழையை வாங்கிய குழந்தைகள் சராசரியாக அரைக் கிலோ குறைந்து பிறப்பதிலிருந்தே இது விளங்கும்.

உங்கள் மூத்த குழந்தையின் 2.3 கிலோவை இப்போது திரும்பிப் பாருங்கள். தாய்க்குச் சர்க்கரை இருந்தால் குழந்தை பெரிதாகப் பிறக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். சிறிதாகப் பிறந்திருக்கிறது. இதற்கு இரத்தசோகை, இரத்த அழுத்தம், நஞ்சுக்கொடிக் கோளாறு என்று வேறு காரணங்களும் இருக்க முடியும். அறிக்கைகளைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்வது தவறு. ஆனால் அந்தக் குழந்தைக்குக் காலை வெறும் வயிற்றில் ஒரு முறை சர்க்கரை பாருங்கள். 100-க்கு மேல், அதுவும் இரண்டு தடவை வந்தால், பிழை குடும்பத்தில் ஓடுகிறது என்ற சந்தேகம் பலப்படும். குழந்தைக்கு அதனால் ஆபத்து எதுவும் இல்லை, மருந்தும் வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை சில. அம்மா அப்பா இருவருக்கும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சியும் எடுங்கள். ‘அப்பாவுக்கு ஒன்றும் இல்லை’ என்ற வாய்வார்த்தை போதாது, பார்த்தால்தான் தெரியும். வீட்டுக் குளுக்கோமீட்டரை இதற்கு நம்பாதீர்கள்: தரமான கருவியிலும் 15 சதவீதம் மேலே கீழே போக அனுமதி உண்டு, 110 என்பது 95 ஆகவும் தெரியும், 125 ஆகவும் தெரியும். ஆய்வகத்தில் கைநரம்பில் எடுத்த இரத்தமாக இருக்கட்டும். சாம்பல் நிற மூடி போட்ட ஃபுளோரைடு குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். சாதாரணக் குழாயில் எடுத்து மேஜைமேல் மணிக்கணக்கில் வைத்தால், இரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். 108 வர வேண்டியவருக்கு 96 வந்து ‘நார்மல்’ ஆகிவிடுவார். எட்டு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும், காலைக் காபியும் கூடாது.

பழைய அறிக்கைகளைத் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதுங்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்த இரத்தச் சோதனை, வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்தது, எது கிடைத்தாலும். கர்ப்பத்துக்கு முன்பே, ஒல்லியாக இருந்த காலத்திலேயே 105, 110 இருந்தது என்று ஒரு பழைய காகிதம் காட்டினால், அதற்கு இருக்கும் மதிப்பு பல புதிய சோதனைகளுக்கு இல்லை.

உங்கள் ஹெச்பிஏ1சி 6.0 என்பதை மட்டும் இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் அது குறைத்துக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவு கூட்டிக் காட்டும். நீங்கள் கர்ப்பிணி; ஹீமோகுளோபின் குறைவு என்பதால் இரும்புச்சத்தும் குறைந்திருக்கலாம். ஹீமோகுளோபின் 9.4-ஐச் சரிசெய்வது சர்க்கரையைவிட அவசரம் என்றே சொல்வேன்.

ஊசி விஷயம். மருத்துவர் தொடங்கச் சொன்னால் தொடங்குங்கள், நீங்களாகத் தள்ளிப்போட வேண்டாம். முடிவு வரும்வரை உங்களைக் கர்ப்பகால நீரிழிவு உள்ளவராக நடத்துவதுதான் முறை. ஆனால் ஒன்றை அவரிடம் கேளுங்கள்: காலை அளவு 95-க்குக் கீழே வரவில்லையே என்று வாரந்தோறும் யூனிட்டை ஏற்றிக்கொண்டே போவதற்கு முன், மரபணு முடிவு வரும்வரை பொறுக்கலாமா? முதல் கர்ப்பத்தின் 46 யூனிட்டையும், 80-இல் வந்த நடுக்கத்தையும், 2.3 கிலோவையும் சேர்த்துச் சொல்லுங்கள். காலை அளவைக் குறைக்க இராத்திரிச் சாப்பாட்டை விடுகிற பழக்கம் பல கர்ப்பிணிகளிடம் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது. உங்கள் வகையில் காலை அளவு அதனால் இறங்காது, பட்டினியில் கொழுப்பு கரைந்து உண்டாகும் கீட்டோன்தான் ஏறும்.

மரபணுப் பரிசோதனை என்பது செய்முறையில் மிகச் சாதாரணம். ஊதா மூடி போட்ட ஈடிடிஏ குழாயில் 3 முதல் 5 மி.லி. இரத்தம், அவ்வளவுதான். வெறும் வயிறு தேவையில்லை. கர்ப்பத்தால் முடிவு மாறாது. சிசுவுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிவுக்குப் பல வாரங்கள் ஆகலாம் என்பதால்தான் 16 வாரத்திலேயே கொடுங்கள் என்கிறேன். 30-வது வாரத்தில் வரும் அறிக்கையால் இந்தக் கர்ப்பத்துக்குப் பயன் குறைவு. தமிழ்நாட்டில் வெளியூருக்கு அலைய வேண்டியதில்லை: சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு மையமும், வேலூரில் சிஎம்சியும் மோடி மரபணுக்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆய்ந்து வெளியிட்டு வருகின்றன; வேலூர்க் குழு கர்ப்பிணிகளிடமே செய்த ஆய்வு 2017-இல் வந்தது. தனியார் ஆய்வகங்களும் செய்கின்றன.

எங்கே கொடுத்தாலும் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள். ஜிசிகே, ஹெச்என்எஃப்1ஏ, ஹெச்என்எஃப்4ஏ, ஹெச்என்எஃப்1பி என்ற நான்கு மோடி மரபணுக்களும் முழுதாகப் படிக்கப்படுமா? மரபணுவில் பெரிய துண்டே காணாமல் போயிருந்தால் அதையும் கண்டுபிடிப்பீர்களா? ஜிசிகேயின் தொடக்கத்தில் இருக்கும் இயக்குப் பகுதியும் படிக்கப்படுமா? எழுத்துப் பிழையை மட்டும் தேடுகிற சோதனை, பக்கமே கிழிந்திருந்தால் தவறவிடும். ஹெச்என்எஃப்1பியில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மரபணு முழுவதுமே இல்லாமல் போயிருக்கிறது என்பதால் இந்தக் கேள்வி வெறும் சம்பிரதாயம் அல்ல. எச்சில் மாதிரி அனுப்பினால் ‘உங்கள் நீரிழிவு அபாயம்’ என்று வண்ணப் படம் போட்டுத் தரும் பொட்டலங்கள் வேறு சமாச்சாரம். அவை பலரிடமும் இருக்கும் சிறு மாற்றங்களைக் கூட்டிக் கழித்துச் சொல்பவை. உங்கள் கேள்விக்கு விடை தராது.

அறிக்கை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, மாற்றத்துக்கு எதிரே என்ன தரம் எழுதியிருக்கிறது என்று. ‘நோய் உண்டாக்குவது’ அல்லது ‘நோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்று இருந்தால்தான் அதை வைத்துச் சிகிச்சையை மாற்றலாம். ‘பொருள் தெளிவற்ற மாற்றம்’ என்று வந்தால் அது ஆம் என்றும் ஆகாது, இல்லை என்றும் ஆகாது. தவறு அதிகம் நடப்பது இங்கேதான்: அந்த வரியைப் பார்த்ததும் ‘மோடி உறுதி’ என்று எழுதி மருந்தை மாற்றிவிடுகிறார்கள். உலகத் தரவுத்தளங்களில் ஐரோப்பியர்களின் மரபணுவே மிகுதி. நம்மவர்களிடம் சகஜமாக உள்ள ஒரு மாற்றம் அங்கே அரிதாகத் தெரிந்து, சந்தேகப் பட்டியலில் விழுந்துவிடலாம். அப்படி வந்தால் அம்மாவுக்கும், சர்க்கரை இல்லாத மற்ற உறவினர்களுக்கும் அதே இடத்தை மட்டும் சோதிக்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்களிடம் எல்லாம் இருந்து, இல்லாதவர்களிடம் இல்லாமல் இருந்தால் எடை கூடும். இன்னொன்று: பிஎல்கே, பாக்ஸ்4, கேஎல்எஃப்11 என்ற மூன்றும் ஒரு காலத்தில் மோடி மரபணுக்கள் என்று பட்டியலிடப்பட்டவை. எந்த மரபணு எந்த நோய்க்குக் காரணம் என்று மதிப்பிடும் கிளின்ஜென் அமைப்பின் நிபுணர் குழு சான்றுகளை மீண்டும் ஆராய்ந்து, அவை மோடிக்குக் காரணம் என்பதை மறுத்துவிட்டது. பழைய பட்டியலோடு வரும் அறிக்கைகளில் இவை இன்னும் தலைகாட்டும். அதைக் கண்டு பதற வேண்டாம்.

ஜிசிகே என்று உறுதியானால், இந்தக் கர்ப்பத்தில் அடுத்த கேள்வி, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அது இறங்கியிருக்கிறதா என்பது. பனிக்குட நீரை எடுத்துப் பார்த்தால் தெரியும். ஆனால் அதில் கருச்சிதைவு அபாயம் சிறிதாவது உண்டு. இதற்காக மட்டும் அதைச் செய்யக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. வேறு காரணத்துக்காக எடுக்க நேர்ந்தால் அந்த மாதிரியிலேயே இதையும் பார்த்துக்கொள்ளலாம். தாயின் இரத்தத்தில் மிதக்கும் சிசுவின் டிஎன்ஏவை வைத்துச் சொல்லும் முறையை எக்ஸிட்டரில் உருவாக்கியிருக்கிறார்கள். நமக்கு நடைமுறையில் கைகொடுப்பது ஸ்கேன்தான். 26 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சிசுவின் வயிற்றுச் சுற்றளவை அளக்க வேண்டும். அந்த வாரத்துக்குரிய வரைபடத்தில் அது 75-வது சதமானத்தைத் தாண்டினால் (அதே வாரத்துச் சிசுக்கள் நூற்றில் 75-ஐவிடப் பெரிதாக இருந்தால்), பிள்ளை பிழையை வாங்கவில்லை என்று கொண்டு இன்சுலின் கொடுப்பார்கள். பிரசவத்தையும் 38 வாரம் வாக்கில் திட்டமிடுவார்கள். தாண்டாமல் இயல்பாக வளர்ந்தால், பெரும்பாலும் வாங்கியிருக்கிறது. காலை 110-க்காக ஊசி வேண்டாம். ஸ்கேன் நூற்றுக்கு நூறு பிடித்துவிடாது. ஒரே ஸ்கேனில் முடிவு கட்டாமல் போக்கைப் பார்க்க வேண்டும். அதனால் ஒரே இடத்தில், முடிந்தால் ஒரே மருத்துவரிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜிசிகே உள்ளவருக்குச் சாதாரணக் கர்ப்பகாலச் சர்க்கரை மேலே சேர்ந்து வராது என்ற உத்தரவாதமும் இல்லை. சாப்பிட்ட பின் அளவு ஏழாம் மாதத்தில் திடீரென்று ஏறத் தொடங்கினால் அது புது விஷயம். அதற்குத் தனி வைத்தியம்.

பிரசவம் ஆனதும் குழந்தைக்கு முதல் ஒன்றிரண்டு நாள் சர்க்கரை தாழ்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அதன் பிறகு ஊசி, மாத்திரை எதுவும் தேவைப்படாது. ஜிசிகேயில் மாத்திரை கொடுத்தாலும் நிறுத்தினாலும் ஹெச்பிஏ1சி பெரிதாக மாறுவதில்லை என்பது நிரூபணமானது. ஏறக்குறைய ஐம்பது வருடம் இந்தச் சர்க்கரையோடு வாழ்ந்தவர்களைப் பார்த்த 2014 ஆய்வில், சிகிச்சை தேவைப்படும் கண் பாதிப்போ, சிறுநீரகப் பாதிப்போ, மாரடைப்போ அவர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இல்லை. வருடம் ஒரு முறை ஹெச்பிஏ1சி போதும். அம்மாவுக்கும் அதே பிழை உறுதியானால், அவருடைய இரண்டு மாத்திரைகளும் தேவையா என்று அவர் மருத்துவர் மறுபரிசீலனை செய்யலாம். தானாக நிறுத்தக் கூடாது. வயதில் இரண்டாம் வகையும் சேர்ந்திருக்கலாம். 7.6-ஐத் தாண்டினால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஜிசிகே இல்லை, வேறு மரபணு என்று வந்தால் கணக்கு மாறும். ஹெச்என்எஃப்1ஏ, ஹெச்என்எஃப்4ஏ இரண்டிலும் சர்க்கரை வருடம் போகப் போக ஏறும், உறுப்புகளைப் பாதிக்கும், சாப்பிட்ட பின் நன்றாகவே துள்ளும். கர்ப்பத்தில் கட்டாயம் சிகிச்சை வேண்டும். பிற்பாடு கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும், கிளிக்லசைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரையில், அதுவும் 20 முதல் 40 மி.கி. என்ற சின்ன அளவிலேயே தொடங்கி, நன்றாகக் கட்டுப்படும். ஹெச்என்எஃப்4ஏ பிழையை வாங்கிய சிசு சராசரியாக ஏறக்குறைய 800 கிராம் கூடுதலாக வளரும். பிறந்ததும் சர்க்கரை ஆபத்தாகத் தாழலாம். பச்சிளம் குழந்தை மருத்துவர் உள்ள இடத்தில்தான் பிரசவம். உங்கள் எண்கள் இந்தப் பக்கம் சாயவில்லை.

எதுவுமே கிடைக்கவில்லை என்றால், இளம் வயது இரண்டாம் வகையாகவோ, மெதுவாக வரும் முதல் வகையாகவோ இருக்கலாம். பிரசவமாகி ஆறு வாரத்தில் 75 கிராம் சோதனையை மறுபடி எடுத்து, முதல் வகையைக் காட்டிக்கொடுக்கும் காட் எதிர்ப்பொருள் சோதனையையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பிறகு ஆண்டுதோறும் சர்க்கரை பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கிற மற்ற கர்ப்பிணிகள் உடனே ஆய்வகத்துக்குக் கிளம்ப வேண்டாம். ஐரோப்பியக் கணக்குப்படி கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள நூறு பேரில் ஒருவருக்குத்தான் ஜிசிகே. அயர்லாந்துக் கர்ப்பிணிகளிடம் செய்து 2014-இல் வெளியான ஆய்வு, பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 25-க்குக் கீழ், வெறும் வயிற்றுச் சர்க்கரை 99 அல்லது அதற்கு மேல் என்ற இரண்டும் சேர்ந்தவர்களைச் சோதித்தால் மூன்று பேருக்கு ஒருவர் வீதம் கிடைப்பார்கள் என்றது. அந்த அளவுகோலை இங்கே அப்படியே தூக்கி வைக்க முடியாது. நமக்கு 23-க்கு மேலேயே எடை கூடுதல். ஒல்லியான உடம்பிலும் இரண்டாம் வகை வருகிறது. மூன்று தலைமுறைச் சுகர் என்பது தெருவுக்குத் தெரு உண்டு. ஆகவே நம்மவர்களிடம் நான் அதிகம் மதிப்பது வேறு இரண்டு: பல வருடமாக ஒரே இடத்தில் நிற்கும் வெறும் வயிற்று அளவு, குளுக்கோஸ் குடித்த பின் சிறிய ஏற்றம். வெறும் வயிற்றில் 85, சாப்பிட்டதும் 170 என்பவருக்கு ஜிசிகே சோதனை தேவையில்லை.

இனி உங்கள் தங்கை. பெரியவர்களின் பயம் புரிகிறது. பெண் பார்க்க வரும் இடத்தில் ஒரு வார்த்தை எப்படித் திரியும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்தச் சம்பந்தத்தில் மறைப்பதுதான் தங்கைக்குக் கெடுதல். காரணம், பேசியிருப்பது தாய்மாமன் மகனை. தாத்தாவிடமிருந்து அம்மாவுக்கு இறங்கிய பிழை, அம்மாவின் தம்பிக்கோ அண்ணனுக்கோ இறங்கியிருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அவர் மகனுக்கு நான்கில் ஒன்று. உங்கள் தங்கைக்கு இரண்டில் ஒன்று. இருவரிடமும் இருந்து கல்யாணம் நடந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, குழந்தை இரண்டு பிரதியிலும் பிழையோடு பிறக்கும். ஒரு பிரதி பழுதானால் முள் தள்ளி நிற்கும்; இரண்டும் பழுதானால் தராசே இல்லை. அந்தக் குழந்தை எடை குறைந்து பிறந்து, பிறந்த நாட்களிலேயே கடும் நீரிழிவு வந்து, வாழ்நாள் முழுவதும் இன்சுலினில் இருக்க வேண்டிவரும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் இந்தப் பயம் துளியும் இல்லை. வெளியில் சம்பந்தம் செய்தாலும் அப்படியே. இந்தப் பிழை இருப்பதால் எந்தக் கல்யாணத்தையும் நிறுத்தத் தேவையில்லை.

ஆக, தங்கைக்கும் அந்தப் பையனுக்கும் இப்போது வேண்டியது மரபணு அறிக்கையே அல்ல, ஆளுக்கு ஒரு வெறும் வயிற்றுச் சர்க்கரை. கல்யாணத்துக்கு முன் பொதுவான இரத்தச் சோதனை என்று சொல்லி, ஹீமோகுளோபினோடு சேர்த்து எடுத்துவிடலாம். இருவரில் ஒருவருக்கு 90-க்குக் கீழே திரும்பத் திரும்ப வந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது, தேதி குறிக்கலாம். இருவருக்குமே 100-க்கு மேல் வந்தால் மட்டும், உங்கள் அறிக்கையில் கண்ட அந்த ஒரு இடத்தை இருவரிடமும் சோதிக்கச் சொல்லுங்கள். முழுப் பட்டியலைப் படிப்பதைவிட அது மலிவு, விரைவு. அதற்கு முதலில் உங்கள் அறிக்கை கையில் இருக்க வேண்டும். அதைப் பெரியவர்களிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள்.